அம்மாவின் பெயரில் ஒரு பரிசோதனை

பாப்பா,

இரண்டு வாரத்துக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை, உன் கல்யாணப் பேச்சு விஷயமாகப் போனில் நீ கேட்டாய்: "அவங்க அம்மாகிட்ட பேசினியாம்மா? என்ன சொன்னாங்க?" நான் "பேசிட்டேன், எல்லாம் சரியாயிடுச்சு" என்று சொல்லி, குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார். போனில் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது. எழுத உட்கார்ந்தால் அப்படி வராது. இருபத்தாறு வருஷமாக லேபில் ரிப்போர்ட் எழுதுகிற கை இது. பார்த்ததைத்தான் எழுதும். ஒரே ஒரு வருஷம் மட்டும் அது தப்பு செய்தது. அந்த வருஷத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை.

உனக்கு அப்போது பதினாலு வயது, ஒன்பதாவது படித்தாய். காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயந்தரம் அப்படியே முழுசாகத் திரும்பி வரும். அதை எடுத்துக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவேன். தண்ணீர் வீணாகவில்லை என்று ஒரு திருப்தி வேறு. பிள்ளை ஏன் நாள் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குக் கதவு சரியில்லை, உள்ளே தண்ணீர் வராது, அதனால் நீயும் உன் சிநேகிதிகளும் காலை எட்டு மணியிலிருந்து சாயந்தரம் ஐந்து மணிவரை அடக்கிக்கொண்டு இருந்தீர்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு நாள் கொல்லைப் பக்கத்திலிருந்து வந்து, முந்தானையைப் பிடித்து இழுத்து, என் காதில் சொன்னாய்: "அம்மா, ஒண்ணுக்குப் போனா எரியுது." நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "சூடு பிடிச்சிருக்கு. மோர் குடி" என்றேன். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். தினமும் முப்பது பேருடைய சிறுநீரை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறவள், தன் வீட்டில் மோரும் வெந்தயமும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அது ஏன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நானாகவே சொல்கிறேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு லேபுக்கு ஒரு பெண்ணின் சிறுநீர் வந்தது. பதினாறு வயது, கிராமத்துப் பெண். சீழ் செல் ஏராளமாக இருந்தது. எனக்கு எதிர் மேஜையில் வேலை பார்க்கிறவர் ஸ்லிப்பைப் பார்த்துவிட்டு, "பதினாறு வயசுதான் ஆவுது, அதுக்குள்ள இவ்ளோ சீழா? காலம் கெட்டுப்போச்சுங்க" என்று சொல்லிச் சிரித்தார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. நானும் சிரித்தேன், பாப்பா. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு சாத்தவில்லை. அவர்கள் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மோருக்கும் வெந்தயத்துக்கும் கேட்காமல் நீ இரண்டாவது முறை எரிச்சல் என்று அழுதபோது, எனக்கு உன் வலி ஞாபகம் வரவில்லை. அந்தச் சிரிப்புத்தான் ஞாபகம் வந்தது.

அதனால்தான் உன் சிறுநீரை டப்பாவில் பிடித்துக்கொண்டுபோய் அதன்மேல் என் பெயரை எழுதினேன். வயது முப்பத்தெட்டு என்று போட்டேன். கிருமி வளர்க்கிற தட்டில் அதை விட்டுப் பார்த்தபோது மறுநாள் காலையில் இளஞ்சிவப்பாகப் புள்ளி புள்ளியாகக் கிருமி வளர்ந்திருந்தது. குடலில் எப்போதும் இருக்கிற கிருமிதான், இடம் மாறி ஏறியிருந்தது. லேபுக்கு இரண்டு கடை தள்ளி இருந்த டாக்டரம்மாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். "உனக்காம்மா?" என்றார். "ஆமாங்க" என்றேன். பெரியவர்களுக்கு எழுதுகிற மாதிரி மூன்று நாள் மாத்திரை எழுதினார். நீ இரண்டு நாள் சாப்பிட்டாய், எரிச்சல் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் மாத்திரையை நானே எடுத்து டப்பாவில் போட்டு வைத்தேன். அடுத்த தடவைக்கு ஆகும் என்று நினைப்பு. அடுத்த தடவையும் வந்தது, அதற்கு அடுத்த தடவையும் வந்தது. மூன்றாவது தடவை டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அடிக்கடி வருதே. ஒரு ஸ்கேன் பண்ணிக்கோம்மா, மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். யாருடைய வயிற்றை ஸ்கேன் செய்வது? என் வயிற்றைச் செய்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் வரும். அந்த மூன்றாவது ரிப்போர்ட்டில் இன்னொன்றும் இருந்தது. பழைய மாத்திரைக்கு அந்தக் கிருமி இனிமேல் சாகாது என்று தட்டிலேயே தெரிந்தது. அதைப் பார்த்து எழுதியதும் நான்தான்.

பிறகு அந்தப் பௌர்ணமி வந்தது. பௌர்ணமி என்றால் நம் அடி அண்ணாமலை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையிலிருந்து உனக்குக் காய்ச்சல், நடுக்கம், இரண்டு தடவை வாந்தி. இடது பக்க முதுகைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாய். காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு, குறையும் குறையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று மணிக்கு நீ சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாய். நான் செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினேன். அதற்குள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கிரிவலப் பாதை முழுக்க ஜனம். அப்பா தள்ளுவண்டியில் இட்லியும் சுக்குக் காபியும் விற்றுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார். பக்கத்துக் கடையில் தண்ணீர் கேன் ஏற்றுகிற மூன்று சக்கர சைக்கிள் நின்றது. கேன்களை இறக்கிவிட்டு, சாக்கு விரித்து உன்னைப் படுக்கவைத்தோம். என் மடியில் உன் தலை.

கூட்டத்துக்கு எதிரே போவதா, கூட்டத்தோடு போவதா என்று அப்பா ஒரு நொடி நின்றார். பிறகு கூட்டத்தோடே மிதித்தார். "வழி விடுங்க சாமி, கொழந்தைக்கு ஜுரம், வழி விடுங்க சாமி" என்று கத்திக்கொண்டே போனார். முன்னால் போனவர்கள் கேட்டு ஒதுங்கினார்கள், ஒதுங்கினவர்கள் அவர்களுக்கு முன்னால் போனவர்களுக்குச் சொன்னார்கள். எந்த ஊர்க்காரர் என்று தெரியாத இரண்டு பேர் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடிவந்தார்கள். வெயிலில் தார் ரோடு கொதித்தது, அவர்கள் காலில் செருப்பு இல்லை. ஒரு அம்மாள் தன் ஈரத் துண்டை உன் நெற்றியில் போட்டுவிட்டு, பேர்கூடக் கேட்காமல் நடந்து போய்விட்டார். அவர்களில் யாரும் உன் வயது என்ன, உனக்கு என்ன நோய் என்று கேட்கவில்லை. என்ன சொல்லும் என்று ஒரு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த ஊரும் ஜனமும் இவர்கள்தான்.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். உன் முதுகில் லேசாகத் தட்டினார், நீ அலறினாய். என்னைப் பார்த்து, "இதுக்கு முன்னாடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்திருக்காம்மா?" என்றார். பக்கத்தில் அப்பா நிற்கிறார், நர்ஸ் நிற்கிறார். "இல்லைங்க. இதான் மொதல் தடவை" என்றேன். கண் மூடிப் படுத்திருந்த நீ, உதடு காய்ந்து ஒட்டியிருந்த நீ, பேசினாய். "மூணு தடவை வந்துச்சு டாக்டர். அம்மா பேர்ல டெஸ்ட் பண்ணாங்க. மாத்திரை சாப்ட்டேன்." டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "என்ன மாத்திரை? கல்ச்சர் ரிப்போர்ட் இருக்கா? எதுக்கு ரெசிஸ்டன்ட்னு பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு எல்லாம் மனப்பாடம். சொன்னேன். அதைக் கேட்டுத்தான் பழைய மருந்தை விட்டுவிட்டு வேறு ஊசி ஆரம்பித்தார். நீ வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவர் முதலில் எந்த மருந்தைக் கொடுத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். அது வேலை செய்திருக்காது என்பதும் தெரியும். உன்னைக் காப்பாற்றியது நீதான் பாப்பா. நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

வெளியே வராந்தாவில் அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஊருக்கு மறைச்சே, சரி. நான் என்ன ஊர்க்காரனா?" அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நீ வீடு திரும்பிய மறுவாரம் தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்து, வேறு நாலு பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசி, கக்கூசுக்குக் கதவு போடும்வரை விடவில்லை. "எதுக்குங்க கதவு கேக்கறீங்க?" என்று ஒருவர் கேட்டதற்கு, "என் பொண்ணுக்கு மூத்திரத்தை அடக்கி அடக்கி நோய் வந்துடுச்சுங்க" என்று கூட்டத்தில் சத்தமாகச் சொன்னாராம். இட்லி விற்கிற மனுஷனுக்கு இருந்த தைரியம் லேபில் வேலை பார்க்கிறவளுக்கு இல்லை. உனக்குப் பிற்பாடு எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தின் ஓரத்தில் ஒரு தழும்பு தெரிந்தது. "வலது நல்லா இருக்கு, இடதும் வேலை செய்யுது. பி.பி. மட்டும் பார்த்துக்கிட்டே இருங்க, பிற்காலத்துல பிள்ளை உண்டானா ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார்கள்.

உன் ஆராய்ச்சிப் படிப்பைப் பற்றியும் எழுத வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்பு பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்தபோது, என்னை அழைத்துப் போக லேபுக்கு வந்தாய். என் மைக்ரோஸ்கோப்பில் ஒரு சிறுநீர் ஸ்லைடு இருந்தது. குனிந்து பார்த்தாய். "இதை என்னன்னு எழுதுவேம்மா?" என்றாய். "எபிதீலியல் செல் இருக்கு, பாக்டீரியா இருக்கு. அவ்ளோதான்" என்றேன். "பாக்டீரியா அந்த செல்லு மேலதான் ஜாஸ்தி இருக்கு பாரு. சுத்தியிருக்கற தண்ணியில கம்மி. ஏன்னு எப்பவாவது யோசிச்சிருக்கியா?" இருபத்துநாலு வருஷமாகப் பார்த்ததை அன்றுதான் மறுபடி குனிந்து பார்த்தேன். நிஜம்தான். பெரிய தட்டையான செல், அதன்மேல் மொய்த்துக்கொண்டு சின்னச் சின்னக் குச்சிகள்.

"அதுக்கு உடம்பு பூரா முடி இருக்கும்மா, உன் மைக்ரோஸ்கோப்புல தெரியாது. முடி நுனியில ஒரு புரதம். நம்ம மூத்திரப்பை செல்லு மேல ஒரு விதமான சர்க்கரை இருக்கு, டீயில போடற சர்க்கரை இல்ல. அந்த நுனி அதைத் தேடிப் பிடிச்சுக்கும்" என்றாய். "ஒண்ணுக்குப் போனா அடிச்சிக்கிட்டுப் போயிடாதா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அதுதாம்மா விஷயமே. இழுக்க இழுக்க அந்தப் பிடி இறுகும். சும்மா இருக்கும்போது தளர்வாத்தான் இருக்கும்." அப்படியென்றால் தண்ணீர் குடிக்கச் சொல்வது எதற்கு என்று கேட்டேன். ஒட்டாமல் மிதப்பவை வெளியேறும், கிருமி பிடித்த செல்லை நம் உடம்பே உதிர்த்து அனுப்பும், அதுவும் வெளியேறும், அடக்கி வைத்தால் அவை பெருகத்தான் இடம் கொடுக்கிறோம் என்று பொறுமையாகச் சொன்னாய். சில கிருமிகள் செல்லுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும், சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது திரும்ப வரும் என்றும் சொன்னாய். டப்பாவில் போட்டு வைத்த மூன்றாம் நாள் மாத்திரை என் கண்முன் வந்தது. உன்னிடம் சொல்லவில்லை.

அந்த முடிக்கு ஒரே ஜீன் கிடையாது, வரிசையாக ஒரு கூட்டம் ஜீன்கள் என்றாய். ஒன்று முடியைச் செய்யும், ஒன்று நுனியைச் செய்யும், ஒன்று அதை வெளியே கொண்டுபோய் நட்டு வைக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு துண்டு டி.என்.ஏ., அது ஒரு பக்கம் பார்த்து இருந்தால் முடி முளைக்கும், புரண்டு மறுபக்கம் பார்த்தால் முளைக்காது. நுனிக்கான அந்த ஒரு ஜீனை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிற கிருமியை நீ வளர்த்திருக்கிறாய். அது உயிரோடு இருக்கும், பெருகும், ஆனால் மூத்திரப்பை செல்லைப் பிடிக்கத் தெரியாது, கழுவினால் போய்விடும். "நாலு வருஷமா இதத்தான் பண்றியா?" என்றதற்கு, "ஆமா, ஒரு கிருமிக்குக் கை இல்லாம பண்றதுக்கு நாலு வருஷம்" என்றாய். எதிர் மேஜைக்காரர்கூட வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு பஸ்ஸில் வரும்போது மெதுவாகச் சொன்னாய். சிறுநீரகத்தில் ஒட்டுவதற்கு வேறு மாதிரி முடி வேண்டும், அதற்கான ஜீன்கள் எல்லாக் கிருமிக்கும் இருக்காது, உனக்கு வந்த கிருமிக்கு அநேகமாக இருந்திருக்கும் என்று. நம் செல்லின்மேல் எந்தச் சர்க்கரை இருக்க வேண்டும் என்பதை நம் ஜீன்தான் முடிவு செய்கிறது, அபூர்வமாகச் சிலருக்கு அந்தச் சர்க்கரையே இருக்காது, அவர்கள் சிறுநீரகத்தை அந்த முடியால் பிடிக்க முடியாது என்று. "அப்போ அது எங்கிட்டேருந்து உனக்கு வந்ததா?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாய். "உன்கிட்டேருந்தும் அப்பாகிட்டேருந்தும்தான். அநேகமா எல்லாருக்கும் இருக்கறதும்மா. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தச் சர்க்கரை ஒண்ணுதான். வயசு தெரியாது, கேரக்டர் தெரியாது." அந்தக் கடைசி வார்த்தையை எனக்காகத்தான் சொன்னாயா, தற்செயலாக வந்ததா என்று தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பதினாறு வயதுப் பெண்ணை நினைத்துக்கொண்டு வேங்கிக்கால்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இத்தனையும் தெரிந்த பிறகும், உனக்கு வரன் அமைந்ததும் நான் என்ன சொன்னேன்? "ஸ்கேன் ரிப்போர்ட்டை யாரு கேக்கப்போறா? நாமளா எதுக்குச் சொல்லணும்?" என்றேன். நீ அன்று கத்தவில்லை. "இன்னொரு தடவை என்னை வேற பேர்ல எழுதாதம்மா" என்றாய். சொன்னபடியே அந்தப் பிள்ளையிடம் நீயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். அவர் உன்னிடம் "சரி, அதுக்கென்ன" என்றதாகச் சொன்னாய். ஆனால் அவர் தன் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் எனக்குப் போன் செய்தார். "சம்பந்தின்னு கூப்பிடலாமான்னு இப்பத் தெரியலைங்க. பொண்ணுக்குக் கிட்னில ஏதோ கோளாறாமே? பையன் சொல்லித்தான் தெரியுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே." என் நாக்கு நுனியில் "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" வந்து நின்றது. விழுங்கிவிட்டு, "நேர்ல வரேங்க" என்றேன்.

உன்னிடம் குக்கர் பொய் சொன்ன ஞாயிறு கழிந்து, செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். இறங்கி அவர்கள் ஊருக்கு ஷேர் ஆட்டோ. களத்தில் மல்லாட்டைச் செடியைக் குவித்துப்போட்டு, இரண்டு பெண்களோடு உட்கார்ந்து அந்த அம்மாள் கடலைக்காய் பிய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழுந்திருக்கவில்லை, "வாங்க" என்று ஒரு சாக்கை நகர்த்திப் போட்டார். நானும் உட்கார்ந்து ஒரு செடியைக் கையில் எடுத்தேன். கை வேலையாக இருந்தால் வாய்க்குச் சுலபம். எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவில் எழுதிய பெயர், மூன்றாம் நாள் மாத்திரை, பௌர்ணமி, டாக்டரிடம் சொன்ன பொய், நீ சொன்ன உண்மை. "பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லைங்க. தழும்பு அவ கிட்னில இருக்கு, அதுக்குக் காரணம் நான்" என்றேன்.

அவர் இன்னும் இரண்டு செடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "இது ஒட்டுவாரொட்டியா? என் பையனுக்கு வந்துடுமா?" என்றார். வராது என்றேன். அவளவள் குடலில் இருக்கிற கிருமி அவளவளுக்கே ஏறுவதுதான் இது என்று சொல்லி, நீ சொன்ன முடிக்கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "கொல்லைக்குப் போனா பொடவையில நாயுருவி ஒட்டுமே, அது மாதிரியா?" என்றார். "அதே மாதிரிதாங்க. ஆனா இது உதற உதற இன்னும் கெட்டியாப் பிடிக்குமாம்" என்றேன். "கொழந்தை பொறக்குமா?" என்றார். "பொறக்கும்ங்க. உண்டானா மாசாமாசம் யூரின் பார்க்கணும், பி.பி. பார்க்கணும். எரிச்சல், ஜுரம்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லணும். மறைக்கக் கூடாது. அவ்ளோதான்."

அவர் மற்ற இரண்டு பெண்களையும் பார்த்து, "போய் டீ போட்டு எடுத்தாங்கடி" என்றார். டீ போட ஒருத்தி போதும், இருந்தும் இரண்டு பேரையும் அனுப்பினார். அவர்கள் வீட்டுக்குள் போனதும், கையிலிருந்த செடியைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ரெண்டு வருஷமா இருக்குங்க. எரிச்சல். ராத்திரி ஆறு தடவை, ஏழு தடவை எந்திரிக்கிறேன். பையன்கிட்ட எப்படிச் சொல்றது? இந்த வயசுல இது எதுக்குடி உனக்குன்னு யாராச்சும் கேட்டுட்டா? கோயிலுக்கு வேண்டிக்கிட்டு இருக்கேன்." பாப்பா, அவர் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு கூசியது. பதினாறு வயதுக்கு இது எதுக்கு என்று சிரித்த வாய் என்னுடையது. ஐம்பத்தைந்து வயதுக்காரியும் அதே சிரிப்புக்குத்தான் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். வியாழக்கிழமை லேபுக்கு வரச் சொன்னேன். வந்தார். தட்டில் கிருமி வளர்ந்தது. ரத்தத்தில் சர்க்கரையும் ஜாஸ்தி இருந்தது, அது அவருக்கே தெரியாது. இப்போது இரண்டுக்கும் மருந்து சாப்பிடுகிறார். மாத்திரை முடியும்வரை ஒரு நாளும் விடக் கூடாது என்று நான் தினமும் போன் செய்து கேட்கிறேன். இதை உன்னிடம் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். "அவகிட்ட சொல்லுங்க. அவ படிச்சவ, சிரிக்க மாட்டா" என்றார்.

உன் உடம்பைப் பற்றி மறைத்தபோதும் உன்னைக் கேட்கவில்லை, போய்ச் சொன்னபோதும் உன்னைக் கேட்கவில்லை. சொன்னது நல்லதாக முடிந்தது என்பதால் அது சரியாகிவிடாது. கோபம் வந்தால் கோபப்படு. இன்னொன்று. பதின்மூன்று வருஷமாக உனக்குப் பழம் நறுக்கிக் கொடுத்திருக்கிறேன், பி.பி. பார்த்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்திருக்கிறேன். "நான் செய்தது தப்பு, என்னை மன்னிச்சுக்கோ" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். மன்னித்துக்கொள் பாப்பா.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் கல்யாணத்துக்கு முன்னால் அம்மா சொல்ல வேண்டியதை என் அம்மா எனக்குச் சொல்லவில்லை, நான் உனக்குச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதுசில் இந்த எரிச்சல் பலருக்கும் வரும். உனக்கு ஒட்டுகிற ஜீனைப் பற்றியெல்லாம் தெரியும், ஆனால் புது வீட்டில் கூச்சம் வந்தால் படிப்பு மறந்துபோகும். சேர்ந்திருந்த பிறகு எழுந்து ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து படு, தண்ணீர் குடி, அடக்காதே. வந்துவிட்டால் யார்மேலும் குற்றம் தேடாதே, உன்மேலும் தேடாதே, அவர்மேலும் தேடாதே. அவரிடம் அன்றைக்கே சொல்லு. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது வந்து முந்தானையை இழுத்துக் காதில் ஏதாவது சொன்னால், கையிலிருக்கிற வேலையைக் கீழே வை. பிறகு என்ன என்று கேள். முதல் கேள்விக்குப் பாதிதான் சொல்லும். இன்னொரு தடவை கேள்.

நேற்று அந்த அம்மாள் போன் செய்தார். எடுத்ததுமே "சம்பந்தி" என்றார். "நேத்து ஒரு தடவைதாங்க எந்திரிச்சேன். எத்தனை நாளாச்சு இப்படித் தூங்கி" என்றார். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள அடுத்த மாதம் நாள் பார்த்திருக்கிறாராம், உனக்கு எந்த வாரம் லீவு கிடைக்கும் என்று கேட்டார். பேசி முடித்து வைக்கப்போனவர், "ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார். "இனிமே அவளுக்கு ஒடம்புக்கு எதுன்னாலும் மொதல்ல எனக்குத்தான் தெரியணும். உங்களுக்கு ரெண்டாவதா தெரிஞ்சாப் போதும்." பெற்றவளிடம் இப்படி ஒருத்தி சொன்னால் கோபம் வர வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. சரிங்க என்றேன். அப்படியே இருக்கட்டும் பாப்பா. எனக்கு இரண்டாவதாகத் தெரிந்தால் போதும்.

அம்மா